கேதம் சொல்ல வந்தவர்

டிக்கோயாவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அந்த மழைக்காலம் முழுக்கப் பகல் களவு. பெண்கள் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனதும், வரிசையாக ஒட்டிக் கட்டிய காம்பரா அறைகள் கொண்ட எங்கள் லயத்தில் ஆள் இருக்காது. அடைகாத்த கோழி போனது, காயப்போட்ட சேலை போனது, என் அம்மா சீராகக் கொடுத்த பித்தளைக் குடமும் போனது. எந்த நாசமாய்ப் போனவன் கைக்குப் போனதோ!

லயத்துக்காரர்கள் கூடிப் பேசினோம். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் ஆண்கள் மதியத்தோடு இறங்கிவிடுவார்கள். அவர்கள் முறைபோட்டுக் காவல் இருப்பது. தெரியாத ஆள் வந்தால், அவன் தேடி வந்தவர் மலையிலிருந்து இறங்கும்வரை பிடித்து வைப்பது. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

ஒருநாள் மாலை கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வந்தேன். பக்கத்துக் காம்பரா அண்ணன் வாசலிலேயே நின்றார்.

"தங்கச்சி, ஒருத்தன் ஒன் காம்பரா எதுன்னு விசாரிச்சுக்கிட்டு வந்தான். என்ன சேதின்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கிறான். தேத்தண்ணி குடுத்தோம், தொடமாட்டேங்கிறான். கள்ளப் பயதான். கட்டிப் போட்டிருக்கோம்."

தேத்தண்ணியைத் தொடவில்லை என்றதுமே சாவுச் சேதி என்று எனக்கு விளங்கிவிட்டது. கேதம் சொல்ல வருகிறவர் உரியவரிடம் சொல்லும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். வேறு யாரிடமும் விஷயத்தைச் சொல்லவும் மாட்டார். எங்களில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம் இது. கள்ளன் நினைப்பிலேயே இருந்த அத்தனை ஆம்பிளைகளுக்கும் அது மறந்து போயிருந்தது.

வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப் போகும் பிள்ளைக்காம்பராத் தூணில் அவரைக் கட்டியிருந்தார்கள். உதடு வெடித்திருந்தது. என்னைக் கண்டதும், "அம்மா தவறிட்டாங்க தாயி, காலையில. பொழுது சாய எடுக்கிறாங்க. ஒன்னக் கையோட கூட்டிட்டு வரச் சொன்னாங்க" என்றார்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அம்மா இருந்த பொகவந்தலாவைக்குக் கடைசி பஸ்ஸும் போய்விட்டது.

"மத்தியானமே மலைக்கு ஒரு ஆள அனுப்பக் கூடாதா, பாவிகளா!" என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

"தெரியாமப் போச்சு தங்கச்சி. ஒன் நல்லதுக்குத்தானே செஞ்சோம்" என்றார் அண்ணன். அந்தப் பேச்சை நினைத்தால் இன்றைக்கும் என் வயிறு எரிகிறது.

மறுநாள் முதல் பஸ்ஸில் அவரோடு போனேன். குழிமேட்டில் மண் இன்னும் ஈரமாக இருந்தது. ஒரே ஒரு தடவை அந்த முகத்தைப் பார்த்திருந்தால் எனக்குப் போதும். அதற்குக்கூடக் கொடுத்துவைக்கவில்லை.

அம்மாவோடு இருந்த என் தம்பி என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரைப் பார்த்து, "நேத்தே கூட்டியாந்திருக்கலாமே மாமா" என்றான்.

"வழியில நேரமாயிருச்சுப்பா" என்று அவர் கைகளைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அவர் கையை இழுத்துக் கயிறு பதிந்த தடிப்பைக் காட்டி, நடந்ததையெல்லாம் கத்தித் தீர்த்தேன்.

தம்பி அந்தத் தடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்க லயத்திலயும் போன வாரம் இப்படித்தான் ஒருத்தரப் புடிச்சோம் அக்கா. அடிச்சு வெரட்டிட்டோம். யாரத் தேடி வந்தாருன்னு கேக்கவேயில்ல."