பதினாறு படிகள்

மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்கு எதிரே பறக்கும் ரயிலுக்குத் தூண் எழுப்புகிறார்கள். இதுவரை பதினொன்று. பன்னிரண்டாவதற்குக் குழி தோண்டியதில் ஈரமண் வாசனை மூன்றாம் மாடி வரை வந்தது. ஜன்னலைச் சாத்தப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன்.

பழனியில் ரயில் பாதைக்கு மண்மேடு போட்டபோது இதே வாசனைதான். எனக்கு ஏழு வயது. கொல்லையிலிருந்து மலைக்கோபுரத்தைக் கும்பிடாமல் அம்மா வாயில் எதையும் வைக்கமாட்டாள். மேடு உயர உயர, துவைகல் மேல் ஏறிப் பார்த்தாள். பிறகு உரல் மேல். ஒரு காலையில் கோபுரம் முழுதாக மறைந்துவிட்டது. அவள் வயிற்றில் என் தங்கை, எட்டாம் மாதம். சரியும் மண்ணில் ஏற முடியாது. உச்சிப்பொழுதாகியும் அவள் சாப்பிடவில்லை. நான் அழுதேன்.

அம்மா வேலியோரம் நின்று சத்தம் போட்டாள். "ஏய்யா மேஸ்திரி, முருகனையே மறைச்சுப்புட்டியே, நல்லாயிருப்பியா?"

"ரயிலு பறந்தா போகும் ஆத்தா? மேடு போட்டாத்தான் போகும்" என்று சிரித்தவர், அவள் வயிற்றையும் வாடிய முகத்தையும் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "இன்னும் சாப்பிடலையா நீங்க?"

"பார்த்தாத்தானய்யா சாப்பிட!"

"ஏலே, மம்பட்டிய எடுங்கடா, வெரசா!"

ஆட்கள் மேட்டில் படி வெட்டிக் கல் பதித்தார்கள். பதினாறு படிகள். அம்மா விழுந்துவிடுவாளோ என்று பயந்து, எண்ணிக்கொண்டே பின்னால் ஏறினேன். உச்சியில் நின்று கும்பிட்டாள். இறங்கி வந்து இரண்டு கும்பா பழையசோறு சாப்பிட்டாள்.

"தூசி வருது மாமா, ஜன்னலைச் சாத்தலையா?" என்கிறாள் மருமகள்.

சாத்தவில்லை. இங்கே வரப்போகும் ரயில் நிலையம் கட்டி முடிந்தால் மேலிருந்து கபாலி கோயில் கோபுரம் தெரியுமாம். என் முழங்கால் பதினாறு படி தாங்கும். அதற்கு மேல் யாராவது கை கொடுக்க வேண்டும்.