பகைவர் பெயர் எழுதிய தாள்

பிள்ளைகளே, உங்கள் அக்காள் கோவிலில் முதன்முதலாக நன்மை வாங்கும் புதுநன்மை ஒரு மாதம் தள்ளிப்போனதற்கு அவளுக்கு ஜெபம் பாடமாகவில்லை என்று சொல்லிவந்தேன். அது பொய். காரணம் நான்தான். இனி அதைச் சொல்லி அவளைக் கேலி செய்யாதீர்கள்.

அப்போது நான் இன்சீன் ரயில் பட்டறையில் பிட்டர். வேறு சபையைச் சேர்ந்த ஒருவர், ஊருக்குக் கப்பலேறுமுன் ஒரு சிறு புத்தகத்தை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். பழைய காலத்தில் நம் சபையார் பதிதர்களை, அதாவது மார்க்கத்துக்கு மாறாகப் போனவர்களை, எப்படி விசாரித்தார்கள் என்பது அதில் இருந்தது. நம்மவர்கள் படிக்கக் கூடாத புத்தகம். பட்டறையில் சாப்பாட்டு வேளையில் பாதி படித்தேன். மீதியைப் படிக்க க்யிம்யிண்டைங்கில் இருந்த நம் வீட்டுக்குக் கொண்டுவந்து, அரிசி வைக்கிற த்வாண்டே மண்சாடிக்கும் சுவருக்கும் நடுவே செருகிவைத்தேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் கூப்பிட்டார்.

"உங்களை ஏன் வரச் சொன்னேன், தெரியுமா?"

அந்தப் புத்தகம் நினைவுக்கு வந்தது. அந்த விசாரணையில் முதற் கேள்வி இதுதான். குற்றம் என்னவென்று சொல்லமாட்டார்கள். புகார் சொன்னவர் யாரென்றும் சொல்லமாட்டார்கள். யோசித்துப் பார் என்று மூன்று தரம் தவணை கொடுப்பார்கள்.

"தெரியலீங்க சாமி" என்றேன்.

யோசித்து அடுத்த ஞாயிறு வரச் சொன்னார். அதுவரை மகளின் புதுநன்மை நிற்கட்டும் என்றார். அவளுக்கு வெள்ளைக் கவுன் தைத்தாகிவிட்டது.

இரண்டாம் ஞாயிறும் அதே கேள்வி, அதே பதில். அந்த நாட்களில் நான் யாரையும் நம்பவில்லை. ரயிலில் இருவர் சிரித்தால் என்னைப் பற்றித்தான் என்று தோன்றியது. என்றும் இல்லாமல் மேஸ்திரி தேநீர் வாங்கிக் கொடுத்தார். எதற்காக என்று சந்தேகப்பட்டு அதைக் குடிக்காமலே வைத்துவிட்டேன். கோவிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் பூசையில் என் பக்கம் திரும்பினதை எத்தனை தரம் என்று எண்ணினேன்.

புத்தகத்தில் ஒரு வழி இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவன் தன் பகைவர் பெயரைக் காரணத்தோடு எழுதிக் கொடுக்கலாம். புகார் சொன்னவன் பெயர் அதில் இருந்தால் அவன் சாட்சி செல்லாது. நானும் பென்சிலால் எழுதினேன். மேஸ்திரி: லீவு விஷயமாகச் சண்டை. உபதேசியார்: அவர் தம்பிக்கு என் தங்கையைக் கொடுக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர்: கோழித் தகராறு.

மூன்றாம் ஞாயிறு தாளை நீட்டினேன். சாமியார் மெதுவாகப் படித்தார்.

"நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலியே. பகைவர் பேரைக் கொடுக்கலாம்னு எந்தப் புத்தகத்திலே படிச்சீங்க?"

அதற்குமேல் மறைக்க என்ன இருக்கிறது? ஒப்புக்கொண்டேன். அவர் அதட்டவில்லை. புத்தகத்தைக் கொண்டுவந்து ஒப்படைத்தால் போதும், மகளுக்கு அடுத்த மாதம் நன்மை கொடுக்கிறேன் என்றார். தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது, "இந்த மூணு பேரும் இல்லை. அட்டையிலே தவிடு ஒட்டின புத்தகம்னு சொன்னாங்க. அவ்வளவுதான்" என்றார்.

பட்டறையில் ஏது தவிடு?

வீட்டுக்கு வந்தபோது உங்கள் அம்மா பால் டின்னால் அரிசி அளந்துகொண்டிருந்தாள். சாமி என்ன சொன்னார் என்று கேட்டாள்.

"புத்தகத்தைக் கொண்டாரச் சொன்னாரு."

"கொண்டு குடுத்துடுங்க. பிள்ளை கவுனை எடுத்து எடுத்துப் பாக்குது" என்றாள். எந்தப் புத்தகம் என்று அவள் கேட்கவில்லை.

நானும் இன்றுவரை அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. என் ஆத்துமத்துக்குப் பயந்து சாமியாரிடம் போய்ச் சொல்லியிருப்பாள். அப்படிப்பட்டவளை எந்தத் தாளில் எழுதுவது? நீங்களும் கேட்க வேண்டாம்.

அன்று மாலை அவள் உங்களைக் கூட்டிக்கொண்டு பஜாருக்குப் போனாள். நான் சாடி அருகே உட்கார்ந்து தாளை விரித்து, மூன்று பெயர்களையும் ரப்பரால் அழித்தேன். தலைப்பில் 'என் பகைவர்' என்பது மட்டும் மிஞ்சி நின்றது. அதையும் அழித்தேன்.