மானுக்குச் சோறு கொண்டுபோன கதை

முதல் ஜெர்மன் சண்டை முடிந்த மறு வருஷம் மலாயாவில் கிள்ளானுக்கு அருகில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தேன். பள்ளிக்கூடம் என்றால் தகரக் கொட்டகைதான். கதைக்கு நான்கு விரல் என்று பழக்கியிருந்தேன். யார், எங்கே, என்ன ஆச்சு, கடைசியில் என்ன? ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை நீட்டிச் சொல்ல வேண்டும்.

ராஜாவும் அரண்மனையும் அந்தப் பிள்ளைகளுக்குப் பிடிபடவில்லை. கூலிக் குடும்பங்களின் லயத்து வீடுகளிலேயே பிறந்ததுகள், என்ன செய்யும்? “நீங்க கண்ணால பாத்தத வச்சுக் கதை கட்டுங்க” என்று சொல்லிவிட்டேன். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

அந்த வாரம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓர் ஆள் ஓடிவிட்டான். முன்கூட்டிச் சொல்லாமல் ஓடினால் ஜெயில்தான். அதற்கு முன்பே கங்காணியின் பிரம்பு முதுகை உரித்துவிடும். எங்கள் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி லயம் லயமாகத் தேடினார். ஒரு மத்தியானம் பள்ளிக்கூடத்துக்குள்ளும் வந்து பெஞ்சியில் உட்கார்ந்தார்.

“நிறுத்தாதீங்க வாத்தியாரம்மா. புள்ளைங்க கதை சொல்லட்டும், கேப்போம்.”

ஏழு வயதுப் பெண் ஒருத்தி துள்ளி எழுந்தாள். என் செல்லம் அவள். முதல் விரலை நீட்டினாள்.

“ஒரு மான். புலிக்குப் பயந்து ஓடியாந்துச்சு. முதுகெல்லாம் ரத்தம். எங்கம்மா அதுக்குத் தெனம் சோறு கொண்டுபோவாங்க.”

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். “மான் சோறு திங்குமாடி?”

கிராணி சிரிக்கவில்லை. அவளுடைய தாய்மாமன் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறான் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

“நல்ல கதை” என்றார் கிராணி, குனிந்து, வெகு அன்பாக. “அந்த மான் எங்க இருக்கும்மா?”

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். கேள்வி தெரிந்த கேள்வியாயிற்றே! இரண்டாம் விரலை நீட்டி வாயைத் திறந்தாள். ஐயோ, நான்தானே பழக்கினேன்!

பிரம்பை எடுத்து அந்த விரலிலேயே ஓங்கி அடித்தேன்.

“நான் சொல்லிக் குடுத்தது காட்டு மான் கதை! சோறாம், சோறு! ஒழுங்காச் சொல்லு, எங்க?”

அதுவரை நான் அவளை அடித்ததே இல்லை. விரலை வாயில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அழுது சொல்லிவிடுவாளோ என்று பிரம்பைக் கீழே வைக்காமல் நின்றேன்.

“காட்டுல” என்றாள்.

“கடைசியில என்னம்மா ஆச்சு?” கிராணி விடவில்லை.

“தெரியாதுங்கய்யா.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் பிரம்பை மூலையில் எறிந்தேன். பள்ளிக்கூடம் விட்டதும் அவளைக் கூட்டிக்கொண்டு லயத்துக்கு ஓடினேன். அவள் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். விறகுக் கொட்டகைப் பக்கம் ஓடிப்போன தாய் தனியாகத் திரும்பிவந்து, “எங்கயோ ஓடிப் போயிட்டான் வாத்தியாரம்மா” என்று மட்டும் சொன்னாள். மகளின் வீங்கிய விரலுக்கு மஞ்சள் பற்றுப் போட்டாள். அவன் பிழைத்தானா, பிடிபட்டானா என்று எங்கள் யாருக்கும் கடைசிவரை தெரியவில்லை.

வீக்கம் ஒரு வாரத்தில் வடிந்தது. அதன்பின் கதை நேரத்தில் எல்லாப் பிள்ளைகளும் நான்கு விரல் நீட்டுவார்கள். அவள் ‘எங்கே’ விரலை மடக்கிக்கொண்டு மூன்றுதான் நீட்டுவாள். அந்த விரல் எங்கே என்று நான் அவளைக் கேட்டதே இல்லை.