மண்ணில் வைக்காதவருக்கு ஒரு பூசை

அம்மா பிறக்கும் முன்னேயே அவளுடைய அப்பா, சங்கு குளிக்கப் போன தோணியோடு கடலில் காணாமல் போனார். அம்மாவைப் பெற்றவள், "பூசை வச்சா செத்துட்டாருன்னு நாமளே சொன்ன மாதிரி ஆயிரும்" என்று சாகும்வரை ஒரு பூசைகூட வைக்க விடவில்லை. போன நாளையும் சொன்னதில்லை. கல்லறைத் திருநாளில் அவரவர் தங்கள் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்துவார்கள். அம்மா ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நிற்பாள். போன வருசம் ஆஸ்பத்திரியிலிருந்து வீல்சேரில் வந்ததும் அவள் என்னிடம் கேட்டது இது ஒன்றுதான்: "நான் கண்ண மூடுததுக்குள்ள, எங்கப்பா போன நாள்ல ஒரு பூசை வைக்கணும்ளா."

நான் எட்டாவது வரை படித்தவள். சாமியாரிடம் கேட்டு, பங்குக் கோயிலின் பழைய அடக்க ஏடுகளோடு உட்கார்ந்தேன். தொட்டால் உதிரும் தாள். ஒரு ஜெபம் சொல்லிவிட்டுத்தான் திறப்பேன். மூன்று வாரம் தேடியும் அவர் பேர் இல்லை. அழுகையே வந்துவிட்டது. கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார் எட்டிப் பார்த்தார்.

"ஏளா, இது மண்ணுல வச்சவங்க ஏடு. கடல் கொண்டுபோனவர இதுலயா தேடுத?"

"மொதல்லயே சொல்லக் கூடாதா அண்ணாச்சி?"

"நீ இருந்த இருப்புக்கு வானத்துலேருந்து சம்மனசு எறங்கி வந்து கூப்பிட்டாலும் திரும்பிப் பாத்திருக்க மாட்ட. நான் எங்கன பேச?"

அவரே ஞானஸ்நான ஏட்டை எடுத்துத் தந்தார். அம்மாவின் பேரும் பிறந்த தேதியும் இருந்தன. அவள் அப்பா பேருக்குப் பக்கத்தில், கடலில் காணாமல் போனவர் என்று பொடி எழுத்தில் ஒரு குறிப்பு. அந்தத் தேதிக்கு முந்தைய ஒன்பது மாதப் பத்திரிகைகளையும் நூலகத்தில் வாங்கிப் புரட்டினேன். ஒரு மூலையில் நாலு வரி. சனிக்கிழமை அடித்த காற்றில் ஒரு சங்குத் தோணி திரும்பவில்லை, மூவரைக் காணோம். பேர் போடவில்லை. வேறு தோணிச் செய்தியும் இல்லை. ஆனால் போன தோணியெல்லாம் பத்திரிகையில் வந்திருக்குமா?

எழுதி வந்ததை அம்மாவுக்கு வாசித்தேன். "இவருதான்னு சத்தியம் பண்ண முடியாதும்மா. வேற யாரோட அப்பாவாவும் இருக்கலாம்."

அம்மா அந்தத் தாளை வாங்கி மடித்தாள்.

"இருந்துட்டுப் போகட்டும். மூணு பேருக்கும் சேத்து வையி. அவங்களுக்கும் யாரு வச்சிருக்கப் போறா?"

அந்தத் தேதியில், காலைப் பூசையில், "கடலில் போன மூவருக்காக" என்று சாமியார் வாசித்தார். பூசை முடிந்ததும் அம்மா கடற்கரைக்குத் தள்ளிக்கொண்டு போகச் சொன்னாள். வீல்சேர் மணலில் இறங்கவில்லை. ஓரத்திலேயே மெழுகுதிரியைப் பற்றவைத்தேன். காற்றில் அணைந்தது. திரும்பப் பற்றவைத்தேன், திரும்பவும் அணைந்தது. தீப்பெட்டியை மறுபடி எடுத்த என் கையை அம்மா பிடித்துக்கொண்டாள்.

"போதும், விடுளா. பாத்திருப்பாரு."