கோபமே இல்லாத கம்பெனி

எங்கள் ஷூ கம்பெனியில் கோபம் என்பதே கிடையாது. இதை நான் சொல்லவில்லை. வேலூர்ப் பக்கத்துக் காலேஜிலிருந்து வந்து ஆராய்ச்சி செய்து சொல்லிவிட்டுப் போனார்கள். திரையில் படம் போட்டுக் காட்டினார்கள், நாங்களும் கை தட்டினோம். அப்போது என் நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

ஆம்பூரைச் சுற்றியிருக்கிற கம்பெனிகளில் ஒன்று எங்களுடையது. நான் தையல் லைனில் இருக்கிறேன். ஷூவின் மேல்பாகத்தை அப்பர் என்போம். மணிக்கு எத்தனை அப்பர் போக வேண்டும் என்று தலைக்கு மேல் போர்டில் எழுதியிருக்கும். குறைந்தால் ஃப்ளோர் மேனேஜர் வருவார். அவர் வரும்போது யாரும் அவர் முகத்தைப் பார்க்க மாட்டோம், கையைத்தான் பார்ப்போம். கை காலியாக இருந்தால் வாயோடு போய்விடும். கையில் ஏதாவது இருந்தால் அது யார் மேலாவது வந்து விழும். பெரும்பாலும் ரிஜெக்ட் ஆன அப்பராக இருக்கும். மடியில் விழுந்தாலும் முகத்தில் விழுந்தாலும் எடுத்துப் பிரித்து மறுபடி தைப்போம். இதை அடி என்று யாரும் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை.

அன்றைக்கு அவர் கையில் லாஸ்ட் இருந்தது. கால் வடிவத்தில் கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்த கனமான கட்டை அது. அப்பரை அதன்மேல் இழுத்து மாட்டி அளவு சரியா என்று பார்ப்பார்கள். ஷிப்மெண்ட் தள்ளிப் போயிருந்தது. முதலாளியின் அறையிலிருந்து வெளியே வந்தபோதே அவருக்கு முகம் செத்துப் போயிருந்தது என்று பிறகு பேசிக்கொண்டார்கள். நேராக எங்கள் லைனுக்கு வந்தார். "கண்ணு தெரில உனக்கு? எப்டி கோணிக்குது பாரு!" என்று கத்தி, அப்பரை லாஸ்ட்டோடு சேர்த்து வீசினார். குனிந்து தைத்துக்கொண்டிருந்தவள் சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். புருவத்துக்கு மேலே பட்டது.

வழுக்கி விழுந்துவிட்டாள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னது கூட வந்த ஆபீஸ்காரர். என்னை யாரும் கேட்கவில்லை. தையல் போட்டு அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்தால், ஆறாவது படிக்கிற என் மகள், "இன்னாம்மா நெத்தில? யார்மா அடிச்சாங்க?" என்று சமையலறைக்குள் பின்னாலேயே வந்தாள். பாலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன், பொங்கி வழிந்தது. கையிலிருந்த கரண்டியால் அடித்தேன். பால் ஒரு சாக்கு. அதற்கு முன்னால் அவளைத் தொட்டதில்லை, அதற்குப் பிறகு கை பழகிவிட்டது. வீட்டுக்காரர் பெங்களூரில் லோடு வேலை செய்கிறார், மாதம் ஒருமுறை வருவார். வீட்டில் என்னைவிடச் சின்ன ஆள் அவள் ஒருத்திதான்.

கம்பெனியில் புகார் கமிட்டி என்று ஒன்று இருக்கிறது. அங்கே போய்ச் சொன்னேன். அந்த ஆளை வேலையை விட்டு எடுக்கச் சொல்லவில்லை. போலீஸ் என்ற பேச்சும் எடுக்கவில்லை. இனிமேல் அவர் என் லைனுக்கு வரக் கூடாது, அவ்வளவுதான் கேட்டேன். விசாரித்துச் சொல்கிறோம் என்றார்கள்.

அந்தச் சமயத்தில்தான் காலேஜ்காரர்கள் வந்தார்கள். மனோதத்துவப் பேராசிரியர் ஒருவர், கூடவே சில மாணவிகள். வேலை செய்யும் இடத்தில் மனிதருக்கு ஏன் ஆக்ரோஷம் வருகிறது, வந்தால் என்ன ஆகிறது என்று ஆராய்கிறார்களாம். எல்லார் கழுத்திலும் அட்டை தொங்கியது. கழுத்தில் அட்டை தொங்கினால் எங்கள் ஃப்ளோரில் அதற்கு ஒரே அர்த்தம், ஆடிட்.

வெளிநாட்டிலிருந்து ஷூ வாங்குகிற பையர், எங்களை ஒழுங்காக நடத்துகிறார்களா என்று பார்க்க ஆள் அனுப்புவார். முந்தின நாளே மைக்கில் ஒத்திகை நடக்கும். "சூபர்வைசர் திட்டுவாங்களா?" "இல்ல மேடம்!" "எப்டிப் பேசுவாங்க?" "அன்பா பேசுவாங்க மேடம்!" அன்றைக்கு மட்டும் கழிவறையில் சோப்பு இருக்கும். ஒருத்தி பதிலைப் பிசகிச் சொன்னாலும் ஆர்டர் போய்விடும், ஆர்டர் போனால் லைனை மூடிவிடுவார்கள். பக்கத்துக் கம்பெனியில் அப்படி மூடியதைக் கண்ணால் பார்த்திருக்கிறோம்.

ஆகவே கேள்வி வந்ததும் எங்கள் பெண்கள் மனப்பாடத்தை ஒப்பித்தார்கள். கத்துவாரா, இல்லை. வீசுவாரா, ஐயோ இல்லை. பேராசிரியர் இது ஆராய்ச்சி, பயப்படாமல் சொல்லுங்கள் என்றார். ஆடிட்காரர்களும் அதையேதான் சொல்வார்கள். போதாததற்கு, இரண்டு மெஷின் தள்ளி ஃப்ளோர் மேனேஜரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவரை எழுந்து போகச் சொல்ல வேண்டும் என்று அத்தனை படித்த தலையில் ஒன்றுக்குக்கூடத் தோன்றவில்லை.

பக்கத்து மெஷினில் இருக்கிறவளை நான் ஆபா என்பேன், உருதுவில் அக்கா. அவள் வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அவள் மட்டும்தான். "வாய மூடிக்கினு இரு. ஆர்டர் போய்ட்டா நாம இன்னா பண்றது?" என்று காதோடு சொன்னாள். "இது ஆடிட் இல்ல ஆபா, காலேஜு" என்றேன். "எல்லாம் ஒண்ணுதான். பேஜார் பண்ணாத" என்றாள். அவள்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இல்லை என்று சொன்னால் பொய்.

நான் சொன்னேன். என்னைக் கேட்க வந்த மாணவி சாப்பாட்டு ஹாலுக்குத் தனியாகக் கூட்டிப்போனாள். லாஸ்ட் பட்டதைச் சொன்னேன். கரண்டியையும் சொன்னேன், யாரிடமும் சொல்லாததை. அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு, "கோபம் வந்த இடத்துல காட்ட முடியலன்னா, பயமில்லாத இடமாப் பாத்து அது எறங்கும்க்கா. நாங்க படிக்கிறதே இதுதான்" என்றாள். என் சமையலறையை எட்டிப் பார்த்தவள் போலச் சொன்னாள். படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, இனி நடக்கும் என்று நம்பினேன். அந்த நம்பிக்கையை நினைத்தால்தான் இப்போது எரிச்சலாக வருகிறது.

அடுத்த வாரமே எல்லாரையும் ஹாலில் உட்கார வைத்தார்கள். பேராசிரியர் திரையில் படம் போட்டு, இந்த ஃப்ளோரில் ஆக்ரோஷம் மிக மிகக் குறைவு, மற்றவர்களுக்கு இது முன்மாதிரி என்றார். ஒரே ஒரு பதில் மட்டும் மற்ற எல்லாவற்றோடும் ஒத்துப்போகவில்லையாம். ஒரு பெண், தன் தலையில் ஏதோ வீசப்பட்டதாகச் சொல்கிறார். அவரே வீட்டில் குழந்தையை அடிப்பதாகவும் சொல்கிறார். அந்தப் பதிலைக் கணக்கில் சேர்க்கவில்லை, ஆனால் அவருக்கு உதவி தேவை என்றார். பெயர் சொல்லவில்லை, சொல்லக் கூடாதாம். அத்தனை தலையும் என் பிளாஸ்திரியைத் திரும்பிப் பார்த்தது. அந்த மாணவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஃப்ளோர் மேனேஜருக்குச் சால்வை போட்டார்கள். நல்ல சால்வை.

மறுநாள் கமிட்டி கூப்பிட்டது. "காலேஜ்லயே சொல்ட்டாங்கம்மா, இங்க அந்த மாதிரி எதுவும் இல்லன்னு. உனக்குத்தான் கோபம் ஜாஸ்தின்னு தெரியுது. கொழந்தையப் போட்டு அடிப்பாங்களா?" என்றார் தலைவர். புகாரை மூடியாகிவிட்டது. எனக்கு மட்டும் சனிக்கிழமைதோறும் கோபத்தைக் கட்டுப்படுத்தும் வகுப்பு, கம்பெனிச் செலவில்.

வகுப்பில் ஒரு அம்மா, கோபம் வந்தால் பத்து வரை எண்ணுங்கள், ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள் என்றார். லாஸ்ட் வருகிற வேகத்தில் ஒன்றுகூட எண்ண முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்கும் கோபம் என்று பெயர் வைப்பார்கள் என்று மூடிக்கொண்டேன். ஃப்ளோர் மேனேஜர் இப்போதும் என் லைனுக்கு வருகிறார். இப்போதும் கையைத்தான் பார்க்கிறேன்.

முதல் வகுப்பு முடிந்து வந்த அன்று, மகள் கூடத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் நல்லபடியாகப் பேச வேண்டும், இனி அடிக்க மாட்டேன் என்று சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே நினைத்துக்கொண்டு வந்தேன். நான் உள்ளே வந்ததும் அவள் நிமிர்ந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். அவள் தலைக்கு மேல் அலமாரியில் இருந்த டம்ளரை எடுக்கக் கை தூக்கினேன். சட்டென்று குனிந்து நெற்றியைக் கையால் மூடிக்கொண்டாள்.

"தண்ணி குடிக்கத்தான்டி கண்ணு, டம்ளர் எடுக்கறேன்" என்றேன்.

"தெரியும்மா" என்றாள். கையை எடுக்கவில்லை.