தூளிக் கொக்கி

நூல் மில்லை மூடின பிறகு தெய்வாத்தாளுக்குக் கை சும்மா இருக்கவில்லை. பதினெட்டு வருஷம் அங்கே அறுந்த நூலை முடிச்சுப் போட்ட கை. துடியலூர் பழைய இரும்புக் கடையில் கம்பித் துண்டுகளை எடைக்கு வாங்கி வந்தாள். பலகையில் ஆணி அடித்து, அதைச் சுற்றிக் கம்பியை வளைத்துக் கொக்கியும் கொண்டியும் செய்தாள். புருஷன் திருமலைசாமி லேத்துப் பட்டறையிலிருந்து வந்தால் கால் வைக்க இடம் இருக்காது.

தொண்ணூற்றாறு ஐப்பசியில் கரி படிந்த கம்பிச் சுருள் ஒன்று கிடைத்தது. நெருப்பில் வெந்த கம்பி, கையாலேயே வளைந்தது. வேலை சுளுவானதில் அவளுக்குச் சந்தோஷம். ஒரே நாளில் நாற்பது கொக்கி செய்துவிட்டாள். அதில் ஒன்றை, பிரசவத்துக்குப் பக்கத்துத் தெருவிலிருந்த தாய்வீட்டுக்கு வந்திருந்த மெஹராஜ் வாங்கினாள்.

"ஏனுங்க அக்கா, தூளி கட்டத் தாங்குங்களா?"

"தாங்கும் கண்ணு. பயப்படாம மாட்டு."

மறுநாளே மெஹராஜ் கைக்குழந்தையோடு அவிநாசியிலிருந்த புருஷன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஐந்தாம் நாள் காலையில் தெய்வாத்தாள் வீட்டு உத்திரத்திலிருந்து மண்ணெண்ணெய் கேன் தொப்பென்று விழுந்தது. அதே சுருளில் செய்த கொக்கிதான். வளைவு பிரிந்து, பாதி நிமிர்ந்து போயிருந்தது. கேன் அஞ்சு லிட்டர். குழந்தையும் அந்தக் கனம்தான் இருக்கும்.

"சாயங்காலம் நானும் வாரேன், போலாம்" என்றார் திருமலைசாமி. அவள் அதற்குள் செருப்பை மாட்டியிருந்தாள்.

மெஹராஜின் அம்மாவிடம் விலாசம் கேட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். காந்திபுரத்தில் பஸ் மாறினாள். சீட்டு காலியாக இருந்தும் உட்கார முடியவில்லை. படிக்கட்டுப் பக்கமே நின்றாள். "உள்ள வாங்கம்மா" என்று கண்டக்டர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார்.

அவிநாசியில் மெஹராஜின் புருஷன் ஜபருல்லா சைக்கிள் கடை வைத்திருந்தான். டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான்.

"தம்பி, தூளிய எதுல கட்டியிருக்கீங்க?"

"ஊட்ல ஒரு கொக்கியிலதானுங்க. ஏனுங்க?"

அவள் முகத்தைப் பார்த்ததும் டியூபை அப்படியே போட்டுவிட்டு அவளுக்கு முன்னால் வீட்டுக்கு ஓடினான்.

தூளி மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. மேலே கொக்கியின் வளைவு பிரிந்து, அதன் முனையில் விரற்கடை அளவில்தான் கயிறு நின்றது. தெய்வாத்தாள் இரண்டு கையையும் தூளிக்கு அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள்.

"மொதல்ல கொழந்தைய எடு அம்மணி."

புழக்கடையிலிருந்து ஈரக்கையோடு வந்த மெஹராஜ் குழந்தையை அள்ளினாள். அது முழித்துக் கொட்டாவி விட்டது. ஜபருல்லா கொக்கியைக் கழற்றி விரலால் அழுத்தினான். வளைந்தது.

"சோதிக்காமக் குடுத்துப்போட்டேன்" என்றாள் தெய்வாத்தாள்.

"தாங்கும்னு சொன்னீங்களே அக்கா."

மெஹராஜ் அவளை உட்காரச் சொல்லவில்லை. ஜபருல்லாதான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வந்தான். "நீங்க வந்தீங்களே, அது போதுமுங்க" என்றான்.

ஊர் திரும்பியதும் வீடு வீடாகப் போய் அந்தச் சுருளில் செய்த கொக்கிகளைக் கேட்டு வாங்கினாள். அதன்பின் எந்தக் கொக்கியையும் ஒரு நாள் முழுக்க இருபது கிலோ படிக்கல்லைத் தொங்கவிட்டுப் பார்த்துத்தான் கொடுத்தாள். இரண்டு வருஷத்தில் துடியலூர் ஹார்டுவேர் கடைக்காரரே வீடு தேடி வந்து கேட்டு வாங்கும்படி ஆனது.

நாற்பதில் முப்பத்தெட்டுதான் திரும்பி வந்தன. மீதி இரண்டும் யார் வீட்டில் தொங்குகின்றன என்று கடைசிவரை தெரியவில்லை. விசேஷமோ துக்கமோ, எந்த வீட்டுக்குப் போனாலும் வாசல் தாண்டியதும் உத்திரத்தைத்தான் முதலில் பார்ப்பாள். அப்புறந்தான் வீட்டாரிடம் பேச்சு.