முதல் பக்கத்துப் படம்

ஆன்றோ அண்ணா, பேப்பரில் அப்படி வந்தது என் தப்புதான்.

உன் வள்ளம் கவிழ்ந்து, உன் உடம்பு இனயம் கரைக்கு வந்த அன்று ஒரு நிருபர் வந்தார். மெலிந்த ஆள், நரைத்த மீசை. வாசலில் செருப்பைக் கழற்றி ஜோடியாகச் சேர்த்து வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். உன் பாஸ்போர்ட் படத்தைக் கொடுத்தேன். அவர் சுவரில் நீ ஒட்டி வைத்திருந்த நடிகர் படத்தைப் பார்த்தார்.

“இதப் போட்டா உள்பக்கத்துல நாலு வரிதான் மக்களே. நடிகருக்க கூட நிக்கிய படம் வல்லதும் உண்டா?”

“கட்டவுட்டுக்குப் பாலூத்துன படம் உண்டு சார். அண்ணனுக்க பேரு முதல் பக்கத்துல வருமா?”

“வரும், தா.”

ஆசையில் கொடுத்துவிட்டேன். மறுநாள் கடையில் தொங்கிய போஸ்டரில், ‘நடிகரின் தீவிர ரசிகர் கடலில் பலி’ என்று இருந்தது. செய்தி முழுக்க அந்த நடிகர்தான். மூழ்கிய கூட்டாளியைப் பிடிக்க, கவிழ்ந்த வள்ளத்தின் மேலிருந்து நீ திரும்பக் குதித்தது அதில் இல்லை. உன் பெயரும் இல்லை.

ஏழாம் நாள் பூசைக்கு அவர் வந்தார். பங்குக் கோயில் வாசலிலும் செருப்பைச் சேர்த்து வைத்தார்.

“நான் எழுதிக் குடுத்ததுல பேரு இருந்துது மக்களே,” என்றார்.

நம்புவதா என்று இன்னும் தெரியவில்லை. ஆனால் படம் கொடுத்தது நான்.

இதை வாசிக்கிறவர்களே, என் அண்ணன் பெயர் ஆன்றோ. அந்தப் பெயரைச் சொல்லி எல்லாரும் அவனுக்காக ஒரு ஜெபம் சொல்லுங்கள்.